மூட்டு, எலும்பு ஆபரேஷனும் மருந்துக்கு அடங்காத கிருமியும்: தேதி குறிப்பதற்கு முன்பிருந்து கடைசி மாத்திரை வரை

ஆர்த்தோ வார்டில் பத்தொன்பது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு இப்போது காரைக்குடியில் வீட்டோடு இருக்கிறேன். தெரிந்தவர்களில் யாருக்காவது முட்டி மாற்ற வேண்டும், இடுப்பெலும்பு உடைந்துவிட்டது என்றால் போன் எனக்குத்தான் வரும். கேட்பது இரண்டே கேள்வி: மதுரைக்குப் போவதா திருச்சிக்குப் போவதா, எவ்வளவு ஆகும். கிருமியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அந்தப் பேச்சு மூன்றாவது வாரம்தான் வரும், "தையல்ல லேசா தண்ணி மாதிரி கசியுது சிஸ்டர், மெடிக்கல்ல சொல்லி மாத்திரை வாங்கிக் குடுத்திருக்கோம்" என்று. அந்த மாத்திரையால் என்ன கெடுகிறது என்பதை 8ஆம் படியில் சொல்கிறேன்.

முட்டி மாற்றுபவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்குத்தான் உள்ளே தொற்று வருகிறது. ஆனால் வந்தவர் வீட்டில் அது ஒரு வருஷத்தைத் தின்றுவிடும். காரணம், உள்ளே வைக்கும் உலோகம். கிருமி அதில் போய் ஒட்டியதும் தன்னைச் சுற்றி வழுவழுவென்று ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கிறது. ஊருணிப் படிக்கட்டில் பாசி பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புதுத் தண்ணீர் வந்து நிறைந்தாலும் பாசி அப்படியேதான் இருக்கும், சுரண்டினால்தான் போகும். ரத்தத்தில் ஓடிவரும் மருந்துக்கும் அந்தப் படலத்துக்கும் உள்ள உறவு அதுதான். அந்தக் கிருமி ஏற்கெனவே பல மருந்துகளுக்குப் பழகிய ரகமாகவும் இருந்துவிட்டால் டாக்டர் கையில் மிஞ்சுவது ஒன்றிரண்டு மருந்து.

அதனால் எதற்குப் பிறகு எது என்ற வரிசையைத்தான் கீழே சொல்லியிருக்கிறேன். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல், சரியான காரியத்தைத் தவறான நேரத்தில் செய்தது.

1. முதலில் ஒரு ஃபைல்

ஆஸ்பத்திரி பார்ப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு நாள் உட்கார்ந்து பீரோ, மேஜை டிராயர், பழைய மஞ்சள் பை எல்லாவற்றையும் கொட்டிப் பாருங்கள். எடுக்க வேண்டியவை: கடந்த ஒரு வருஷத்தில் எந்த ஆஸ்பத்திரியில் தங்கினாலும் அதன் டிஸ்சார்ஜ் சம்மரி, சீழ், சிறுநீர், ரத்தம் என்று எதில் கல்ச்சர் (கிருமியை லேபில் வளர்த்து எது என்று பார்ப்பது) பார்த்திருந்தாலும் அந்த ரிப்போர்ட், சமீபத்தில் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக் பெயர்கள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரையும்.

இது எதற்கு என்றால், ஐசியூவில் கிடந்தவர், டயாலிசிஸ் போகிறவர், அடிக்கடி ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர் இவர்களின் தோலிலும் குடலிலும் அடங்காத கிருமி நோய் எதுவும் காட்டாமல் தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஆபரேஷனுக்கு முன் போடும் ஊசி எது என்பதை அதை வைத்துத்தான் மாற்றுவார்கள். தெரியாவிட்டால் எல்லோருக்கும் போடுவதையே போடுவார்கள்.

என் வீட்டிலேயே இது நடந்தது. எங்கள் ஆத்தாவுக்குக் காலில் புண் வந்து ஓர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தார்கள், கல்ச்சரில் எம்ஆர்எஸ்ஏ (வழக்கமான மருந்துக்கு அடங்காத ஒரு கிருமி) என்று வந்தது. புண் ஆறியது, காகிதம் எல்ஐசி கவருக்குள் போய்விட்டது. ஏழு மாதம் கழித்து இடுப்பெலும்பு உடைந்து வேறோர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அந்தப் புண்ணைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வழக்கமான ஊசிதான் போட்டார்கள். எம்ஆர்எஸ்ஏவுக்கு அது சர்க்கரைத் தண்ணீர் மாதிரி. பதினேழாம் நாள் சீழ் வந்து, கல்ச்சரில் அதே பெயரைப் பார்த்தபோதுதான் அந்தக் கவர் ஞாபகம் வந்தது. மகள் நர்ஸாக இருந்த வீட்டிலேயே இந்த கதி என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன.

ஃபைலில் இன்னொரு வரி, ஒவ்வாமை. "பென்சிலின் ஒத்துக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வருஷம், என்ன மருந்து, என்ன ஆனது என்று எழுதுங்கள். வயிற்றைப் பிரட்டியதா, தடிப்பு வந்ததா, மூச்சு முட்டி உதடு வீங்கியதா? முதலாவது ஒவ்வாமையே இல்லை. ஒத்துக்காது என்று மொட்டையாக எழுதிவிட்டால் ஆபரேஷனுக்கு முன் வழக்கமாகப் போடும் செஃபசோலினைத் தள்ளிவிட்டு வேறு மருந்துக்குப் போவார்கள், அப்படிப் போனவர்களுக்குத் தொற்று கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது. உண்மையில் மூச்சுத் திணறல் வந்தவர் என்றால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

2. ஆறு வாரம் முன்பே தொடங்குவது

இது திட்டமிட்டுச் செய்யும் மூட்டு மாற்றுக்கு. எலும்பு உடைந்து போகிறவர்களுக்கு 5ஆம் படி.

சர்க்கரை. ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனை கிட்டத்தட்ட மூன்று மாதச் சராசரியைக் காட்டும். ஆகவே ரத்தம் எடுப்பதற்கு முந்தின இரண்டு நாள் சப்பாத்தி சாப்பிட்டு ஏமாற்ற முடியாது, பலர் முயல்கிறார்கள். ஏழரை, எட்டுக்கு மேலே இருந்தால் பல சர்ஜன்கள் தேதியைத் தள்ளுவார்கள், தள்ளினால் கோபப்படாதீர்கள். சர்க்கரை ஏறிய ரத்தத்தில் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும். நம் பக்கம் இதில் ஒரு சிக்கல் உண்டு. சாந்திக் கல்யாணம், படைப்பு என்று சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் எல்லோரும் வந்து கூடும் நேரத்தை ஒட்டித்தான் ஆபரேஷனுக்கும் தேதி பார்க்கிறார்கள், கவனிக்க ஆள் இருக்கும் என்று. ஆள் இருக்கும், சரி. கூடவே பத்து நாள் கந்தரப்பமும் உக்காரையும் இருக்கும். விசேஷம் முடிந்து ஆறு வாரம் விட்டுத் தேதி வையுங்கள்.

பல். ஆடும் பல், சீழ் வைத்த ஈறு இருந்தால் முன்னாலேயே முடித்துவிடுங்கள். வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி புது மூட்டில் போய் உட்காரலாம்.

தோல். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகால் வெடிப்பு, கொசுக்கடியைச் சொறிந்த புண், இடுப்பில் கொப்புளம். அட்மிஷன் அன்று நர்ஸ் சேலையை விலக்கிப் பார்க்கும்போதுதான் இது தெரியவரும், ஆபரேஷன் ரத்தாகும், அம்பாசமுத்திரத்திலிருந்து லீவு போட்டு வந்த மகன் முகம் தொங்கிப்போகும். ஒரு மாதம் முன்பே உள்ளங்கால் முதல் தலை வரை பாருங்கள், வயதானவர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.

மூட்டுக்குள் போட்ட ஊசி. இதை நான் தனியாகக் கேட்பேன். "ஆச்சி, முட்டியில ஊசி எதுவும் போட்டீங்களா?" "இல்லையே ஆத்தா." மகளைத் தனியாகக் கேட்டால், "போன மாசம் ஒருத்தர் போட்டாரே, அதுக்கப்புறம்தானே படியேறினாங்க" என்பார். ஆச்சியைப் பொறுத்தவரை அது வலிக்குப் போட்டது, ஊசிக் கணக்கில் வராது. ஸ்டீராய்டு ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் அதே மூட்டை மாற்றினால் தொற்று வாய்ப்புக் கூடும். போட்ட தேதியை ஃபைலில் எழுதுங்கள்.

பீடி, சிகரெட் நான்கு வாரமாவது முன்பே நிற்க வேண்டும். ரத்தம் குறைவாக இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள், பிறகு அடுத்தவர் ரத்தம் ஏற்றுவதும் தொற்றைக் கூட்டும். முடக்குவாதத்துக்கு மருந்து எடுப்பவர்கள் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று முடக்குவாத டாக்டரிடமே கேளுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டைப் பெரும்பாலும் தொடரத்தான் சொல்வார்கள், தானாக நிறுத்திவிட்டு மூட்டெல்லாம் வீங்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிறுநீர் விஷயத்தில் தவறு எதிர்த்திசையில் நடக்கிறது. எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனாலும் முன்ஜாக்கிரதையாக ஒரு யூரின் கல்ச்சர் பார்த்து, அதில் ஏதோ வளர்ந்திருக்கிறது என்று ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிடுவார்கள். தொந்தரவு எதுவும் தராத கிருமிக்கு மருந்து கொடுத்தால் மூட்டுக்கு ஒரு லாபமும் இல்லை. சாதுவான கிருமி செத்து அடங்காத கிருமிக்கு இடம் காலியாகும், அவ்வளவுதான்.

3. மூக்கும் குளியலும், கடைசி ஐந்து நாள்

மூட்டுத் தொற்றில் முன்னணியில் இருப்பது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ். நம்மில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் அது சும்மா குடியிருக்கிறது. அதில் மருந்துக்கு அடங்காத ரகம்தான் எம்ஆர்எஸ்ஏ. இந்திய ஆஸ்பத்திரிகளில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) செய்யும் கண்காணிப்பில், நோயாளிகளிடமிருந்து எடுத்த ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸில் நாற்பது சதவீதத்தை ஒட்டி இந்த ரகம்தான் என்று வருகிறது.

ஆகவே அட்மிஷனுக்கு இரண்டு வாரம் முன்பு சர்ஜனிடம் கேளுங்கள், "மூக்கு ஸ்வாப் எடுத்துப் பார்க்கலாமா?" என்று. பஞ்சுக் குச்சியை மூக்கில் சுழற்றி எடுப்பார்கள், வலிக்காது. கிருமி இருந்தால் முபிரோசின் களிம்பு தருவார்கள். உலக சுகாதார அமைப்பின் 2016 வழிகாட்டுதலிலும் எலும்பு ஆபரேஷனுக்குப் போகிறவர்களில் மூக்கில் இந்தக் கிருமி உள்ளவர்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

போடும் முறை: தீக்குச்சித் தலை அளவு, ஒவ்வொரு துவாரத்திலும், காலை மாலை, ஐந்து நாள். போட்டபின் மூக்கை வெளியிலிருந்து மெதுவாகப் பிசைந்துவிடுங்கள். ஐந்து நாள் முடிந்தால் டியூபை வீட்டில் வைத்து எல்லாப் புண்ணுக்கும் தடவாதீர்கள், இந்த மருந்துக்கும் கிருமி பழகிக்கொள்ளும்.

கூடவே குளோர்ஹெக்சிடின் குளியல். நான்கு சதவீதத் திரவம் மருந்துக்கடையில் கிடைக்கும். முதலில் சாதாரண சோப்பில் குளித்து நன்றாக அலசிவிட்டு (சோப்பு மிச்சமிருந்தால் மருந்து வேலை செய்யாது) பிறகு இதைக் கழுத்துக்குக் கீழே தடவி, இரண்டு நிமிடம் விட்டு, அலசுங்கள். கண், காது பக்கம் வேண்டாம். அக்குள், தொடையிடுக்கு, கால்விரல் இடுக்கு, மார்புக்குக் கீழே உள்ள மடிப்பு, இவற்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குளித்தபின் துவைத்த துண்டு, துவைத்த புடவை, துவைத்த படுக்கை விரிப்பு. பவுடர், சந்தனம், எண்ணெய் எதுவும் வேண்டாம். நாளைக்கு ஆபரேஷன் என்று முந்தின நாள் நல்லெண்ணெய் வைத்துத் தலை முழுகி வந்தவர்கள் உண்டு, அந்த எண்ணெய்ப் பிசுக்கில் ஓடியில் (ஆபரேஷன் தியேட்டரில்) அடிக்கும் மருந்து பிடிக்காது.

சவரம் செய்யாதீர்கள். இதை எவ்வளவு சொன்னாலும் யாராவது ஒருவர் சுத்தமாக வர வேண்டும் என்று பிளேடால் காலை மழித்துவிட்டு வருவார். பிளேடு பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள், ராத்திரியெல்லாம் அதில் கிருமி பெருகும். முடியை எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் வெட்டுவார்கள்.

4. ஓடிக்குப் போகும் நாள்

கத்தி படுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் செஃபசோலின் அல்லது அதுபோன்ற ஊசி ஏற வேண்டும். ரத்தம் வராமல் தொடையில் இறுக்கும் பட்டையைக் கட்டுவதற்கு முன்பே அது உள்ளே போயிருக்க வேண்டும், கட்டிய பிறகு போட்டால் முட்டிக்கு எப்படிப் போய்ச் சேரும்? எம்ஆர்எஸ்ஏ இருந்தவர்களுக்கு வான்கோமைசினும் சேர்ப்பார்கள். அதை வேகமாக ஏற்றினால் உடம்பெல்லாம் சிவந்து அரிக்கும், ஒரு மணி நேரமாவது மெதுவாக ஓட வேண்டும், அதனால் முன்னாடியே தொடங்க வேண்டும்.

நீங்கள் ஓடிக்குள் போய்ப் பார்க்க முடியாது. முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வரும்போது ஃபைலைக் கையில் கொடுத்து இரண்டு வாக்கியம் சொல்லலாம்: "இவருக்குப் போன வருஷம் எம்ஆர்எஸ்ஏ இருந்தது. ஆன்டிபயாட்டிக் எது, எப்போது போடுவீர்கள்?" பணிவாகக் கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு இந்த ஊசியை 24 மணி நேரத்துக்கு மேல் நீட்டத் தேவையில்லை. இங்கே குடும்பத்தார்தான் சண்டை போடுகிறார்கள், "பக்கத்து பெட்டுக்கு அஞ்சு நாள் போட்டாங்க, எங்க அப்பச்சிக்கு ஒரு நாளோட நிறுத்திட்டாங்க" என்று. நிறுத்தியவர் சரியாகச் செய்கிறார். தொற்று இல்லாதவருக்கு ஐந்து நாள் ஓட்டினால் அடங்காத கிருமி வளர்வதும் வயிற்றுப்போக்கு வருவதும்தான் மிச்சம்.

லாமினார் ஃப்ளோ தியேட்டர் (வடிகட்டிய காற்றை ஒரே சீராக ஓட்டும் தியேட்டர்) என்று போர்டு போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மூட்டு மாற்றில் தொற்றைக் குறைக்க அதைப் பயன்படுத்தத் தேவையில்லை என்றே உலக சுகாதார அமைப்பின் அதே 2016 வழிகாட்டுதல் சொல்கிறது. ஓடிக்குள் எத்தனை பேர் போய்வருகிறார்கள், கதவு எத்தனை முறை திறக்கிறது என்பதுதான் நான் பார்ப்பது.

5. உடைந்து வந்தால்: ஆறு வாரம் கிடையாது

வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு உடைந்தால் (ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரமாகிவிட்டால் போதும்) ஹெச்பிஏ1சி இறங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் முடிவதுதான் நல்லது, படுக்கையில் கிடந்தால் சளி கட்டும், படுக்கைப்புண் வரும், அதுவும் தொற்றுதான். சர்க்கரையை இன்சுலின் வைத்து அங்கேயே இறக்குவார்கள். மூக்கு, குளியல் எல்லாம் முடிந்த அளவுக்கு. ஃபைல் மட்டும் அன்றைக்கே வேண்டும்.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த முறிவு வேறு கதை. திருச்சி–ராமேஸ்வரம் ரோட்டில் பைக் விழுந்து வருகிறவர்கள் இந்த வகை. வரிசை இது:

108ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளாதீர்கள், தள்ளினால் ரோட்டு மண்ணும் கூடவே போகும். காபித்தூள், மஞ்சள்தூள், இலைச்சாறு எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதல் ஆன்டிபயாட்டிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் ஏறினால் நல்லது, டெட்டனஸ் ஊசியும் போட வேண்டும். அடிபட்ட நேரம், விழுந்தது தாரிலா, வயலிலா, சாக்கடையிலா என்பதைச் சொல்லுங்கள். மண்ணும் சாக்கடையும் என்றால் மருந்து மாறும்.

கட்டுப் போடும் வைத்தியரிடம் போவதைப் பற்றி நான் பொதுவாகச் சண்டை போடுவதில்லை. தோல் கிழிந்திருந்தால் மட்டும் போகவே கூடாது. புண்ணின் மேல் பத்துப் போட்டு மூங்கில் பட்டை வைத்து எட்டு நாள் கட்டி வைத்த காலை அவிழ்த்திருக்கிறேன். அந்த வாசனையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

6. வார்டில்

கை. துணைக்கு இருப்பவர் நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கட்டில் ஓரத்தில் இருக்கும் ஹேண்ட்ரப்பை இருபது முப்பது விநாடி தேய்க்க வேண்டும், விரல் நுனியும் கட்டைவிரலும் சேர்த்து. நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் ஹேண்ட்ரப் போதாது, சோப்பும் தண்ணீரும்.

பார்க்க வருகிறவர்கள். நம் ஊரில் நல்லது கெட்டதுக்குப் போகாமல் இருப்பது குற்றம், தெரியும். ஆனால் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து வந்த கையோடு "எங்க வெட்டினாங்க காட்டுங்க" என்று போர்வையை விலக்குவதும், கட்டிலிலேயே உட்கார்ந்து ஆரஞ்சு உரிப்பதும் வேண்டாம். ஒரு பெரியவரை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து வருகிறவர்களை அங்கேயே பேசி அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் வார்டில் ஒரு பெரியப்பா இதை அவ்வளவு அழகாகச் செய்தார், பாதிப் பேர் நோயாளியைப் பார்க்காமலே காபி சாப்பிட்டுத் திருப்தியாகப் போனார்கள்.

சிறுநீர்க் குழாய் இருந்தால் தினமும் கேளுங்கள், "இன்னும் தேவையா?" என்று. பாத்ரூம் போகச் சிரமம் என்று அதை வைத்திருக்கச் சொல்லிக் கெஞ்சாதீர்கள், கிருமி உள்ளே ஏறுவதற்கு அது ஏணி.

7. வீட்டுக்கு வந்தபின்

பழைய வீடுகளில் கழிப்பறை கடைசிக் கட்டில் இருக்கும், படுக்கை முன்னால் இருக்கும், நடுவில் நாலு வாசல்படி. டிஸ்சார்ஜுக்கு முன்பே படுக்கையைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடுங்கள். கீழே விழுந்தால் தையல் பிரியும், பிரிந்தால் உள்ளே வழி திறக்கும்.

டிரெஸ்ஸிங்கை நீங்களாகப் பிரித்துப் பார்க்காதீர்கள். சொன்ன நாளில், சொன்ன இடத்தில் மாற்றினால் போதும். நனையக் கூடாது. தையல் எடுத்த மறுநாளே மஞ்சள் அரைத்துப் போடுவது, தேங்காய் எண்ணெய் தடவுவது, விபூதி பூசுவது வேண்டாம். நெற்றியில் பூசிக்கொள்ளுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். "நேத்தைவிட சிவப்பா?" என்ற கேள்விக்கு ஞாபகம் ஒருபோதும் சரியாகப் பதில் சொல்லாது.

புது முட்டி சில மாதங்களுக்குக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும், சாயங்காலம் வீங்கும், காலெல்லாம் கன்றிப்போன நிறம் இருக்கும். முதல் இரண்டு நாள் லேசான காய்ச்சலும் வரலாம். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். ஐந்து நாள் தாண்டியும் டிரெஸ்ஸிங் நனைந்துகொண்டே இருப்பது, குறைந்துவந்த வலி மறுபடி ஏறுவது, ஓரம் சிவந்து பரவுவது, நடந்தவர் நடக்க முடியாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே சர்ஜனுக்குப் போன். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம், அதற்கும் அன்றைக்கே. கசிவுக்கு என் அளவுகோல்: புது டிரெஸ்ஸிங் போட்டு ஒரு நாளைக்குள் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மேல் ஈரம் தெரிந்தால் காத்திருக்க மாட்டேன்.

8. சந்தேகம் வந்தால்: முதலில் மாதிரி, பிறகுதான் மருந்து

இந்தப் படியில் சறுக்கினால் மேலே செய்தது எல்லாம் வீண்.

கசிவு வந்ததும் மருந்துக்கடையில் செஃபிக்சைமோ அமாக்சிசிலின் கிளாவுலனேட்டோ வாங்கிப் போடுகிறார்கள். அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருக்கும், டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று அர்த்தம், கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் கொடுத்துவிடுவார். மூன்று நாளில் மேலே காயும், எல்லோருக்கும் நிம்மதி. உள்ளே உலோகத்தில் படலம் அப்படியேதான் இருக்கும். பிறகு டாக்டர் மூட்டிலிருந்து நீர் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினால் எதுவும் வளராது, எந்தக் கிருமி என்று தெரியாமல் இருட்டில் மருந்து தேட வேண்டியிருக்கும். சிலருக்கு இரண்டு வாரம் எல்லா ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்திவிட்டு மறுபடி மூட்டு நீர் எடுப்பார்கள், அந்த இரண்டு வாரமும் கிருமிக்கு லாபம்.

சரியான வரிசை: ஆபரேஷன் செய்த சர்ஜனிடமே போங்கள். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி, இஎஸ்ஆர் என்ற ரத்தப் பரிசோதனைகளைப் பார்ப்பார்கள். சிஆர்பி ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் இறங்குவது இயல்பு, இறங்கியது திரும்ப ஏறினால்தான் கவலை, அதனால் பழைய எண்களும் வேண்டும். இஎஸ்ஆர் இறங்க மாதக்கணக்கில் ஆகும். அடுத்து ஊசியால் மூட்டு நீர். திறந்து கழுவினால் உள்ளேயிருந்து மூன்று முதல் ஐந்து இடங்களில் சதைத் துணுக்கு எடுப்பார்கள். மேலே வழியும் சீழைப் பஞ்சில் தொட்டு அனுப்பும் கல்ச்சர் உள்ளே இருப்பதைச் சொல்லாது, தோல்மேல் இருப்பதையே சொல்லும். சில கிருமி மெதுவாக வளரும், லேப் பதினான்கு நாள் வரை வைத்துப் பார்க்கும், அவசரப்படுத்தாதீர்கள்.

ஒரே ஒரு விலக்கு: குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், பிரஷர் இறங்குவது, ஆளைத் தெரியாமல் பேசுவது. இது ரத்தத்தில் கிருமி பரவியதன் அறிகுறி. அப்போது மாதிரிக்காகக் காத்திருக்கக் கூடாது, நேராக எமர்ஜென்சி.

ஏன் அவசரம் என்றால், ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்துக்குள், அல்லது தொந்தரவு தொடங்கி மூன்று வாரத்துக்குள் பிடித்தால் படலம் முற்றியிருக்காது. மூட்டைத் திறந்து கழுவி, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை மட்டும் மாற்றி, உலோகத்தைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. தாண்டிவிட்டால் பெரும்பாலும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மருந்து கலந்த சிமெண்ட் கட்டியைத் தற்காலிகமாக வைத்து, வாரக்கணக்கில் மருந்து ஓட்டி, பிறகு புது மூட்டு. இரண்டு ஆபரேஷன். கடையில் வாங்கிய மாத்திரை கசிவை மறைத்து வீணாக்குவது அந்த மூன்று வாரத்தைத்தான்.

9. கல்ச்சர் ரிப்போர்ட்டைப் படிப்பது

மருந்தை நீங்கள் தேர்ந்தெடுக்கப் போவதில்லை, ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் கேள்வி கேட்க முடியும்.

கிருமியின் பெயருக்குக் கீழே மருந்துப் பட்டியல் இருக்கும், பக்கத்தில் எஸ், ஐ, ஆர். எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது, ஐ என்றால் கூடுதல் அளவில் கேட்கலாம். பக்கத்தில் எம்ஐசி (கிருமி வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தின் அளவு) என்று ஓர் எண்ணும் இருக்கும். இங்கேதான் படித்தவர்களே விழுகிறார்கள், எண் சிறியதாக இருக்கும் மருந்துதான் வீரியமானது என்று. ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது, ஒவ்வொன்றுக்கும் வரம்பு வேறு. எலும்புக்குள் எவ்வளவு நுழையும் என்பதும் அந்த எண்ணில் தெரியாது.

ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸில் செஃபாக்சிடின் அல்லது ஆக்சாசிலினுக்கு நேரே ஆர் இருந்தால் அதுதான் எம்ஆர்எஸ்ஏ. வழக்கமான செஃப் வகைகளும் அமாக்சிசிலின் வகையும் போச்சு. ஈ.கோலை, கிளெப்சியல்லா போன்ற குடல் கிருமிகளில் இஎஸ்பிஎல் (மருந்தை உடைக்கும் நொதி) என்று எழுதியிருந்தால் செஃப்ட்ரியாக்சோன், செஃபிக்சைம் உதவாது. மற்றவை கேட்காதபோது போடும் மெரோபெனமுக்கும் ஆர் என்றால் நிலைமை கடினம், தொற்றுநோய் மருத்துவர் ஒருவரைக் கலந்து பேசும்படி அப்போதே கேளுங்கள். "நோ க்ரோத்" என்று வந்தால் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை, அதற்கு முன் மாத்திரை சாப்பிட்டீர்களா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

10. நீண்ட மருந்துக் காலம்

வாரங்கள் அல்ல, மாதக் கணக்கு. உலோகம் உள்ளே இருந்து தொற்று வந்தவர்களுக்கு 6 வாரமா 12 வாரமா என்று பிரான்ஸில் ஒப்பிட்டு 2021இல் வெளியிட்டார்கள், 6 வாரம் கொடுத்தவர்களில் தொற்று தங்கிவிட்டது கிட்டத்தட்ட இருமடங்கு. அதனால் எட்டாவது வாரம் நன்றாக நடக்கிறாரே என்று நிறுத்தாதீர்கள்.

ஊசிதான் வேலை செய்யும், மாத்திரை சும்மா என்பதும் சரியில்லை. பிரிட்டனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எலும்பு, மூட்டுத் தொற்று நோயாளிகளில் பார்த்து 2019இல் சொன்னது, சரியாகத் தேர்ந்த மாத்திரை ஊசிக்குக் குறைந்ததில்லை. டாக்டர் மாத்திரைக்கு மாற்றினால் கைவிட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

ரிஃபாம்பிசின் கொடுத்தால் "அப்பச்சிக்கு டிபியா?" என்று வீடு கலங்கும். இல்லை, ஸ்டஃபிலோகாக்கஸ் படலத்துக்குள் நன்றாக நுழையும் மருந்துகளில் அது ஒன்று. சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் துணை மருந்து இல்லாமல் அதை மட்டும் தனியாகச் சாப்பிடக் கூடாது, சில நாளிலேயே கிருமி பழகிவிடும். இரண்டில் ஒன்று தீர்ந்துவிட்டால் "இதுவாவது ஓடட்டும்" என்று விடாமல் உடனே வாங்குங்கள், கிடைக்கவில்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை இவற்றின் வேகத்தையும் இது குறைக்கும், எல்லா டாக்டருக்கும் சொல்லிவிடுங்கள். எம்ஆர்எஸ்ஏவுக்குக் கொடுக்கும் லினிசோலிட் இரண்டு வாரம் தாண்டினால் வாரம் ஒருமுறை ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும். வான்கோமைசின் ஓடும்போது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்க்க வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் ஃபைலைத் திரும்ப பீரோவுக்குள் தள்ளாதீர்கள். முதல் பக்கத்தில் கிருமியின் பெயர், எந்த மருந்து கேட்டது, எது கேட்கவில்லை, எந்தத் தேதியில் எந்த உலோகம் வைத்தார்கள் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுத்து மகன், மகள், மருமகள் எல்லோர் போனிலும் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டு எல்ஐசி கவரில் இப்போது பாலிசி மட்டும்தான் இருக்கிறது.